கோபாலுக்குத் தாய் கிடையாது

போன வருடம் மகளிர் தினத்துக்கு ஒரு பொறியியல் கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அரங்க வாசலில் கணினித் துறை மாணவிகள் வைத்த பதாகை. கடற்படைச் சீருடையில் கிரேஸ் ஹாப்பர், படத்துக்குக் கீழே 'கோபால் மொழியின் தாய்' என்ற வாசகம். "மேடம், கோபால்னா பக்கத்து வீட்டுப் பையன் பேரு மாதிரியே இருக்கு" என்று ஒரு மாணவி சிரித்தாள். முப்பது வருடத்துக்கு முன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் கோபால் படித்தபோது நாங்களும் இதே ஜோக்கைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பிள்ளைகள் ராத்திரி கண்விழித்து வரைந்த பதாகை அது. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மேடையேறியதும் சொல்லத்தான் வேண்டியிருந்தது: கோபாலுக்குத் தாய் கிடையாது. கிரேஸ் ஹாப்பருக்கு எதிரான ஆண்கள் யாரும் கிளப்பிவிட்ட பேச்சல்ல இது. அந்த மொழியை வடிவமைத்த ஆறு பேரில் ஒருவரான ஜீன் சாமெட் என்ற பெண்ணே மறுபடி மறுபடி எழுதியும் பேசியும் திருத்தப் பார்த்த தவறு. அரங்கில் சாமெட்டின் பெயரைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை.

நிரல் மொழிகளை ஒப்பிடுவது என்பது எங்கள் காலத்தில் 16 மதிப்பெண் கேள்வி. ஃபோர்ட்ரான், அல்கால், பாஸ்கல், சி என்று கட்டம் போட்டு, இதில் இது உண்டு, அதில் அது இல்லை என்று நிரப்பினால் முழு மதிப்பெண். அந்தக் கட்டத்தை முதலில் போட்டது யார், எதை வைத்துப் பத்திகளைப் பிரித்தார் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய அளவில் முதலில் அதைச் செய்தவர் சாமெட். அது எனக்குத் தெரியவந்தபோது நாற்பது வயது தாண்டிவிட்டது.

சாமெட் 1928இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே கணக்கில் கெட்டி. அறிவியலுக்கென்றே நகரத்தில் ஒரு பொதுப் பள்ளி இருந்தது, பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளி. அதில் அப்போது பெண்களைச் சேர்ப்பதில்லை. 1946இல்தான் கதவு திறந்தது, அதற்குள் சாமெட் பள்ளியை முடித்துவிட்டார். மவுன்ட் ஹோல்யோக் மகளிர் கல்லூரியிலும் பிறகு இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் கணிதம் படித்தார். 1955இல் ஸ்பெர்ரி நிறுவனத்தில் ஒரு நிரலாளர் குழுவுக்குத் தலைமை. 1958இல் சில்வேனியா நிறுவனம். அங்கே இருந்தபோதுதான் கோபால் வந்தது.

1959இல் கணினி வாங்கியவர்களின் தலைவலி ஒன்றுதான். ஒரு நிறுவனத்தின் கணினிக்கு எழுதிய சம்பளப் பட்டியல் நிரல் இன்னொரு நிறுவனத்தின் கணினியில் ஓடாது. இயந்திரத்தை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். வணிகக் கணக்குகளுக்கு எல்லா இயந்திரத்திலும் ஓடுகிற ஒரு பொது மொழி வேண்டும் என்று முதலில் ஆள் திரட்டியவர் பரோஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த மேரி ஹாஸ். அவர் தொடங்கி வைத்த பேச்சால் அந்த ஏப்ரலில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. மே கடைசியில் பென்டகனில் சுமார் 40 பேர் கூடினார்கள். அமெரிக்க ராணுவம்தான் பெரிய வாடிக்கையாளர், எனவே ராணுவம் கூப்பிட்டால் எல்லா நிறுவனமும் வரும். 'குறுகிய காலக் குழு' என்று ஒன்றை அமைத்து மூன்று மாதம் கெடு கொடுத்தார்கள். தற்காலிகமாக ஒரு மொழியைத் தயார் செய்யட்டும், நல்லதை 'நீண்ட காலக் குழு' பிற்பாடு யோசித்து வடிவமைக்கும் என்பது ஏற்பாடு. அந்த நீண்ட காலக் குழு கடைசி வரை அமைக்கப்படவே இல்லை. தற்காலிகமாகப் போட்ட கொட்டகையில்தான் அறுபது வருடத்துக்கு மேலாக உலகத்தின் வங்கிகள் குடியிருக்கின்றன.

பெரிய குழுவில் விவாதம் முடிவதாக இல்லை. வணிகக் கணக்கு எழுதுகிறவர்களுக்குக் கூட்டல், பெருக்கல் குறிகள் போட்ட சூத்திரம் புரியுமா, அல்லது கூட்டு, பெருக்கு என்று வினைச்சொல்லாகவே எழுத வேண்டுமா? இதற்கு மட்டும் எவ்வளவோ நேரம் போனது. கடைசியில் வினைச்சொற்களும் இருக்கட்டும், சூத்திரம் வேண்டுபவர்களுக்குக் 'கணக்கிடு' என்று தனியாக ஒரு வினை இருக்கட்டும் என்று சமரசம் செய்தார்கள். இப்படியே போனால் நடக்காது என்று ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். ஐபிஎம்மிலிருந்து வில்லியம் செல்டனும் கெர்ட்ரூட் டியர்னியும், ஆர்சிஏவிலிருந்து ஹோவர்ட் பிராம்பெர்க்கும் நார்மன் டிஸ்கவுன்ட்டும், சில்வேனியாவிலிருந்து வெர்னன் ரீவ்ஸும் ஜீன் சாமெட்டும். நவம்பரில் ஒரு ஹோட்டலில் இரண்டு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து மொழியின் முழு வடிவத்தை எழுதி முடித்தார்கள். போட்டி நிறுவனத்துக்காரர்கள் ஒரே மேசையில். அறிக்கையைச் சீர்படுத்திச் செப்பனிட்டவர்களில் பெட்டி ஹோல்பர்ட்டன் இருந்தார். எனியாக் கணினியின் முதல் ஆறு பெண் நிரலாளர்களில் ஒருவர் அவர்.

மொழி பிழைக்குமா என்பதே அப்போது சந்தேகம். குழுவின் இழுபறியில் வெறுத்துப்போன பிராம்பெர்க் ஒரு கல்லறைக்கல் வாங்கி அதில் 'கோபால்' என்று பொறிக்கச் சொல்லி, பென்டகனில் பொறுப்பிலிருந்த சார்லஸ் பிலிப்ஸுக்கு அனுப்பிவைத்தார். கல் இப்போது கலிஃபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1960 டிசம்பரில் ஆர்சிஏ இயந்திரத்திலும் யூனிவாக் இயந்திரத்திலும் ஏறக்குறைய ஒரே நிரல் ஓடிக் காட்டியது. மேரி ஹாஸ் கேட்டது நடந்துவிட்டது.

இதில் கிரேஸ் ஹாப்பர் எங்கே? அவர் மேல்மட்டச் செயற்குழுவுக்குத் தொழில்நுட்ப ஆலோசகர். வடிவமைத்த ஆறு பேரில் இல்லை. ஆனால் அவர் தலைமையில் உருவான ஃப்ளோ-மேட்டிக்தான் அப்போது புழக்கத்தில் இருந்த ஒரே வணிக நிரல் மொழி. அது இல்லாவிட்டால் கோபாலே வந்திருக்காது என்று சாமெட் தன் வரலாற்றுக் கட்டுரையில் தெளிவாக எழுதியிருக்கிறார். ஹாப்பருக்கு உரியதைக் கொடுக்க அவர் தயங்கவில்லை. உரியதற்கு மேல் கொடுப்பதைத்தான் மறுத்தார்.

இதைச் சொல்லும்போது சில தோழிகளுக்குக் கோபம் வருகிறது. 'நமக்குக் கிடைத்திருக்கிற ஒரே ஆளையும் ஏன் இறக்குகிறாய்?' என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியில் உள்ள 'ஒரே' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. தாய் என்று ஒருவரை உட்கார வைத்தவுடன் மேரி ஹாஸும் கெர்ட்ரூட் டியர்னியும் ஹோல்பர்ட்டனும் சாமெட்டும் படத்திலிருந்து வெளியே போய்விடுகிறார்கள். ஃபோர்ட்ரானுக்கு ஜான் பேக்கஸ் 'தந்தை' என்று சொல்லும்போதும் இதே கதைதான். பத்துப் பேர் குழுவில் நிரலின் ஓட்டத்தைப் பகுத்தாராயும் பகுதியை எழுதிய லோயிஸ் ஹைப்ட் எங்கே போனார்? தந்தை என்றால் மூளை, தாய் என்றால் தியாகமும் பாசமும் என்ற நம்மூர் அர்த்தங்கள் வேறு கூடவே ஒட்டிக்கொள்கின்றன. வேலைக்குப் போன பெண்களை வேலை செய்தவர்களாகச் சொன்னால் போதாதா?

கோபால் முடிவான சில வாரங்களில், 1960 ஜனவரியில், பாரிஸில் 13 பேர் கூடி அல்கால் 60 என்ற மொழியை இறுதி செய்தார்கள். 13 பேரும் ஆண்கள். பெரும்பாலும் கணித, பல்கலைக்கழக வட்டாரம். எங்கள் பாடப்புத்தகத்தில் அல்காலுக்கு ஓர் அத்தியாயம், கோபாலுக்கு ஒரு பத்தி. அல்காலின் சிறப்புகள் உண்மையானவை. அதன் இலக்கணம் முறையான குறியீட்டில் துல்லியமாக எழுதப்பட்டது. ஒரு தொகுதிக்குள் அறிவித்த மாறி அந்தத் தொகுதிக்குள்ளேயே அடங்கும், ஒரு செயல்முறை தன்னைத் தானே அழைத்துக்கொள்ளலாம். பின்னால் சொன்ன இரண்டும் அன்றைய கோபாலில் இல்லை. போதாக்குறைக்கு, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது தாவிச் செல்ல வேண்டிய இடத்தை மாற்றிவிடும் 'மாற்று' என்ற கட்டளை வேறு. அதை வைத்து யாரோ எழுதிப்போன நிரலைத் திருத்த உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை.

ஆனால் ஒப்பீட்டுக் கட்டத்தில் இன்னொரு வரிசையும் போட்டுப் பாருங்கள். உள்ளே தரவை வாங்குவது, வெளியே அச்சிடுவது எப்படி? அல்கால் 60 அறிக்கையில் அதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. அது மொழியின் வேலை அல்ல, இயந்திரத்தை நடத்துகிறவர் பாடு என்று விட்டுவிட்டார்கள். கோபாலோ நிரலின் ஒரு முழுப் பிரிவையே தரவை விவரிக்க ஒதுக்கியது. ஊழியர் என்றால் அவருக்குப் பெயர், எண், சம்பளம். சம்பளத்துக்குள் அடிப்படை, படிகள், பிடித்தம் என்று மட்டம் மட்டமாக, வீட்டு அலமாரியில் தட்டு பிரிப்பதுபோல எழுதிவிடலாம். வேலையின் விவரம் ஓரிடத்தில், பொருளின் விவரம் வேறிடத்தில். வெவ்வேறு வகைத் தரவுகளை ஒரே பதிவாகக் கட்டும் இந்தப் பழக்கம் பிற்காலத்தில் பெரும்பாலான மொழிகளில் சாதாரணமாகிவிட்டது. எந்த வரிசையைக் கட்டத்தில் போடுவது என்று தீர்மானிக்கும்போதே யார் ஜெயிப்பார் என்பதும் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

1975இல் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா, கோபாலைப் பயன்படுத்துவது மூளையை முடமாக்கும், அதைக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாகக் கருத வேண்டும் என்ற பொருளில் எழுதினார். கணினிக்காரர்கள் இதை இன்றும் ரசித்துச் சொல்வார்கள். கோபாலைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் இன்னொரு புகார், அது ரொம்பப் பேசுகிறது, வளவளவென்று எழுத வேண்டியிருக்கிறது என்பது. வாயாடி என்ற சொல் தமிழில் யாரை நோக்கி வீசப்படுகிறது என்று நமக்குத் தெரியும். எல்லா விமர்சனமும் ஆணாதிக்கம் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த 'மாற்று' கட்டளையை நானும் மன்னிக்கவில்லை. ஆனால் கணிதச் சூத்திரம் எழுதும் மொழி உயர்ந்தது, சம்பளப் பட்டியல் எழுதும் மொழி தாழ்ந்தது என்ற படிநிலை மொழியின் இலக்கணத்திலிருந்து வந்ததல்ல. எந்த வேலைக்கு மதிப்பு, எந்த வேலை வெறும் கணக்குப்பிள்ளை வேலை என்ற பழைய எண்ணத்திலிருந்து வந்தது.

2020 ஏப்ரலில், கொரோனாவில் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபால் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று நியூ ஜெர்சி ஆளுநர் கேட்டார். உடனே பழிபோட ஒரு கிழவி கிடைத்துவிட்டாள். விண்ணப்பிக்கும் முகப்பு இணையதளம்தான் திணறியது, பின்னால் இருந்த கோபால் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது என்று எழுதினார் வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ்.

சாமெட் 1961இல் ஐபிஎம்முக்குப் போனார். அங்கே ஃபார்மாக் என்ற மொழியை உருவாக்கும் வேலைக்குத் தலைமை தாங்கினார். எண்களைப் போட்டுக் கணக்கிடுவதோடு நிற்காமல், இயற்கணிதக் கோவைகளை எழுத்தாகவே விரித்து, சுருக்கி, வகைக்கெழு காண ஃபோர்ட்ரானுக்குக் கற்றுக்கொடுத்த மொழி அது. அதோடு நின்றிருந்தாலும் போதும். ஆனால் 1969இல் அவருடைய புத்தகம் வந்தது, 'நிரல் மொழிகள்: வரலாறும் அடிப்படைகளும்'. 800 பக்கத்தை நெருங்கும் தடிமன். அட்டையில் பாபேல் கோபுரம், அதன் செங்கற்களாக மொழிகளின் பெயர்கள். உள்ளே ஏறத்தாழ 120 மொழிகள்.

கணிதக் கணக்கு, வணிகக் கணக்கு, சரங்களையும் பட்டியல்களையும் கையாளுதல், இயற்கணிதம், பலவேலை, தனிவேலை என்று வேலையை வைத்து மொழிகளைப் பிரிக்கிறார். முக்கியமான மொழிகளுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். எப்படிப் பிறந்தது, யாருக்காக, எதற்காக, எழுத எளிதா, வேறு இயந்திரத்துக்குப் போகுமா, இலக்கணம் எப்படி, தொழில்நுட்பத்துக்கு இது கொடுத்தது என்ன. தான் உருவாக்கிய கோபாலுக்கும் ஃபார்மாக்குக்கும் அதே கேள்விகள்தான்.

முதலில் எது நிரல் மொழி என்றே வரையறுக்க வேண்டியிருந்தது. அவர் நான்கு நிபந்தனை வைத்தார். எழுதுகிறவருக்கு இயந்திரக் குறியீடு தெரிந்திருக்கத் தேவையில்லை. வேறு கணினிக்கு மாற்றிக்கொண்டு போக வாய்ப்பிருக்க வேண்டும். எழுதும் ஒரு வரி இயந்திரத்தின் பல கட்டளைகளாக விரிய வேண்டும். எழுதும் முறை இயந்திரத்துக்கு அல்ல, தீர்க்க வேண்டிய சிக்கலுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். நான்குமே எழுதுகிறவரின் பக்கம் நின்று கேட்டவை என்பதைக் கவனித்தால், கோபால் குழுவில் நடந்த அந்தச் சண்டையின் சத்தம் இதற்குள் கேட்கும்.

இந்த வேலையைப் 'பட்டியல் போடுவது' என்று இளக்காரமாகச் சொல்லிவிட முடியும். மொழியைப் படைப்பது மேதையின் வேலை, படைத்தவற்றை எடுத்து வைத்துத் தூசி தட்டிப் பெயரெழுதுவது வீட்டு வேலை. ஆனால் ஒரு மொழிக்காரர் தன் மொழியைத் தவிர வேறெதையும் பார்க்காத காலத்தில், ஒவ்வொரு நிறுவனமும் தன் சரக்கே முதல் என்று சொன்ன காலத்தில், 120 மொழிகளின் கையேடுகளைச் சேகரித்துப் படித்து ஒரே அளவுகோலை வைப்பதற்கு எவ்வளவு தொழில்நுட்ப அறிவு வேண்டும்! புத்தகத்துக்குப் பிறகும் அமெரிக்காவில் புழங்கும் நிரல் மொழிகளின் பட்டியலை வருடாவருடம் திரட்டி வெளியிட்டுவந்தார். 1974இல் ஏசிஎம் என்ற கணினியாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார்.

1978 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் நிரல் மொழிகளின் வரலாற்றுக்கென்று முதல் மாநாடு நடந்தது. தலைமை சாமெட். 1967க்குள் புழக்கத்துக்கு வந்து, 1977லும் உயிரோடு இருந்து, துறையைப் பாதித்த மொழிகள் மட்டும் என்று விதி வகுத்து 13 மொழிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். உருவாக்கியவர்களே வந்து எழுத வேண்டும். மொழி எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதாது, ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்று சொல்ல வேண்டும், அதற்கு ஒரு கேள்விப் பட்டியலையும் முன்கூட்டியே கொடுத்தார்கள். பேக்கஸும் மெக்கார்த்தியும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்த காட்சியை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. தன் மொழியின் கதையைச் சொன்னவர்களில் பெண் ஒருவரே, கோபாலைப் பற்றிப் பேசிய சாமெட். அந்த ஆறு பேரின் பெயரையும், பெரிய குழுவில் இருந்தவர்களின் பெயர்களையும் அவர் அதில் பதிவு செய்தார். எனக்கு அந்தப் பெயர்கள் கிடைத்தது அங்கிருந்துதான்.

தொடக்க உரை கிரேஸ் ஹாப்பருடையது. அதில் அவர் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. 1950களின் நடுவில், ஆங்கிலச் சொற்களால் நிரல் எழுதலாம் என்று மேலாளர்களிடம் பணம் கேட்கப் போனார். கம்பைலருக்கு எல்லாச் சொல்லும் ஒன்றுதான் என்று புரியவைக்க, ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டு பிரெஞ்சுச் சொற்களைப் போட்டுக் காட்டினார். பிறகு ஜெர்மன். மேலாளர்கள் மிரண்டுபோனார்கள். பிலடெல்ஃபியாவில் செய்த அமெரிக்கக் கணினிக்கு எப்படிப் பிரெஞ்சு தெரியும்? ஆங்கிலத்தைத் தவிர வேறெதுவும் செய்ய மாட்டோம் என்று அவர்களைச் சமாதானப்படுத்த மாதக்கணக்கில் ஆயிற்று.

சாமெட்டுக்கும் இங்கே ஒரு கண்மறைவு இருந்தது. 1966இல் ஆங்கிலத்தையே நிரல் மொழியாக்குவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். யாரும் தனக்குப் பழகிய பேச்சிலேயே கணினியோடு பேச வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் அந்தக் கட்டுரையின் தலைப்பில் இயல்பான மொழியின் இடத்தில் நிற்பது ஆங்கிலம்.

பேச்சு முடிந்து ஆய்வகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பையன் பேர் ஜோக் சொன்ன மாணவி தமிழில் நிரல் எழுத முடியுமா என்று கேட்டாள். எழில் மொழியில் நான்கு வரி எழுதிக் காட்டினேன். அதில் நிபந்தனை முதலில் வரும், 'ஆனால்' என்ற சொல் அதற்குப் பின்னால் வரும். அச்சிடுவதற்குப் 'பதிப்பி', முடிவில் 'முடி'. அவள் திரையைப் பார்த்துவிட்டு, "மேடம், இது தலைகீழா இருக்கே" என்றாள். மதுரைப் பக்கத்துப் பெண், வீட்டில் தமிழ் மட்டும்தான். பேச்சில் கேட்ட சாமெட்டின் நான்கு நிபந்தனைகளை அவளே விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். இயந்திரக் குறியீடு தெரிய வேண்டாம், சரி. வேறு கணினியில் ஓடும், சரி. ஒரு வரி பல கட்டளையாக விரியும், சரி. நான்காவது விரலை மடக்காமல் என்னைப் பார்த்தாள்.